மூன்றாவது ஊதா

"இதுவும் வேணாம். பார்த்தாலே எரிச்சலா வருது" என்றார் வீட்டுக்காரர், சிவந்த கண்களோடு.

படுக்கையறை சீலிங்கில் பெயிண்டர் அடித்துக் காட்டிய இரண்டாவது ஊதா அது. முதல் ஊதாவுக்கும் இதே கடுகடுப்புதான். இந்த மனுஷனோடு இவர் மனைவி எப்படித்தான் குப்பை கொட்டுகிறாரோ!

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இன்னும் கொஞ்சம் வெளுப்பா ஒண்ணு அடிங்க" என்றார் அந்த அம்மா.

அடித்தார்.

"சீலிங்கை நின்னு பார்த்தா தெரியாது. ரெண்டு பேரும் படுத்துப் பாருங்க" என்று அந்த அம்மா தரையில் போர்வை விரித்தார். "எப்படி இருக்குன்னு அவருக்கு நீங்களே சொல்லுங்கண்ணே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு பெயிண்டர் வீட்டுக்காரர் பக்கத்தில் படுத்தார்.

"பொழுது சாஞ்சு, விளக்குப் போடறதுக்கு முன்னாடி வானம் இருக்குமே சார், அந்த நிறம். அதுல ஒரு மேகம்... மெதுவா... போகுது..."

மேகம் போய்க்கொண்டே இருந்தது.

கண் விழித்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. தலைக்கடியில் யாரோ தலையணை வைத்திருந்தார்கள். வேலை நேரத்தில் தூங்கிவிட்டோமே! பெயிண்டர் அலறியடித்து எழுந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா, அசந்துட்டேன்..."

"உஷ்!" வாசலில் நின்ற அந்த அம்மா உதட்டில் விரலை வைத்தார்.

பக்கத்தில் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"நைட் ஷிப்டுக்கு மாத்தினதுலேர்ந்து, பகல்ல பொட்டுத் தூக்கம் இல்லண்ணே. இருபது நாளாச்சு" என்றார் அந்த அம்மா, கண் கலங்க. "இந்த ஊதாவே இருக்கட்டும்."

"எப்பம்மா ஆரம்பிக்கட்டும்?" கிசுகிசுத்தார் பெயிண்டர்.

"அவரா எழுந்திரிக்கட்டும்."

பெயிண்டர் சத்தமில்லாமல் மறுபடியும் படுத்துக்கொண்டார்.