தீபத்தன்று ஒரு கட்டைவிரல்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரத்து அன்னதானப் பந்தலின் பின்புறம் உண்ணாமலை சாம்பார் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். இடது கையால்தான் துலக்குகிறாள். வலது கட்டைவிரலில் தேங்காயெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருக்கிறாள். விதவை உதவித்தொகை வாங்க மிஷினில் வைக்க வேண்டிய விரல் அது. பாத்திரம் தேய்த்தே தேய்ந்துபோன ரேகையைப் போன மாதம் மிஷின் எடுக்கவில்லை. வைக்க வைக்கச் சிவப்பு விளக்குதான் எரிந்தது. அதனால் பணம் வரும் நாள் நெருங்கினால் அந்த விரலில் தண்ணீர்கூடப் படவிடுவதில்லை. பந்தலுக்கு முன்னால் வெறுங்கால்கள் ஓயாமல் நகர்கின்றன. கூட்டத்திலிருந்து விலகி எழில் வருகிறாள். உதவித்தொகை கொடுக்க மாதாமாதம் மிஷினோடு வருபவள், இன்று நெற்றி நிறைய விபூதியோடு வெறுங்கையாக நிற்கிறாள்.

“மிஷின் எங்கம்மா?”

“தீபத்துக்கு ஆபீஸெல்லாம் லீவுக்கா. பணம் இன்னும் ஏறல. சனி, ஞாயிறு வேற வருது. திங்கக்கிழமை எடுத்துட்டு வரேன்.”

உண்ணாமலை துணி சுற்றிய விரலைத் தூக்கிக் காட்டுகிறாள். “அதுவரைக்கும் இத என்னா பண்றது?”

எழில் பதில் சொல்வதற்குள் சமையல்காரர் இன்னொரு அண்டாவை உருட்டிவிடுகிறார். “ரெண்டு கையாலயும் தேய்ம்மா. அடுத்த உலை வெக்கணும்.”

அந்நேரம் மலையுச்சியில் தீபம் தெரிகிறது. பாதை முழுக்க அரோகரா எழுகிறது. உண்ணாமலையும் எழுந்து தலைக்கு மேல் கைகளைக் குவிக்கிறாள். இடது கையிலிருந்து கரித்தண்ணீர் முழங்கைக்கு வழிகிறது. துணி சுற்றிய கட்டைவிரல் மட்டும் நனையாமல், கும்பிடாமல், தனியே விலகி நிற்கிறது.