கருத்துப் பெட்டியில் வந்த பாவம்

முழங்காலிட்டதும் வலைப்பூ அக்காவின் மூக்கில் முதலில் ஏறியது கிராம்பு வாசனைதான்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பங்குத் தந்தை. பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன தோன்றும்? செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதை மனதுக்குள் அவருக்குப் பிடித்து வைத்தாள்.

ஆனால் வந்த வேலை வேறு. தன் பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருந்தாள்.

அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களுக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கி, அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டவள் அவள். எழுத ஆள் பிடித்ததும் அவளே. பேருந்து ஓட்டுநர் ஒருவர் சிவப்பு விளக்கில் நிற்கும்போது சொல்லும் செபங்களை எழுதினார். மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, பூசைக்கு நேரத்தோடு போய்ச் சேர்வது எப்படி என்று எழுதினாள். அவள் ஒருநாளும் நேரத்தோடு வந்ததில்லை. கடவுளோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட கல்லூரி மாணவி, அதைப் பற்றியே வாராவாரம் எழுதினாள். பாடகர் குழுத் தலைவர் எதை எழுதினாலும் கடைசியில் ஒலிபெருக்கி சரியில்லை என்பதில் வந்து நின்றார்.

படிக்கத்தான் ஒரு ஈ காக்கை கூட இல்லை.

நாலு பேர் கருத்துச் சொல்லட்டுமே என்று ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரு பெட்டி வைத்தாள். சண்டைக்காரர்கள் கொஞ்சம் அடங்கியிருக்கட்டும் என்று அதன் மேல் ஒரு வரியும் சேர்த்தாள்: 'மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். பங்குத் தந்தை பார்த்த பிறகே வெளியாகும்.'

பார்ப்பது என்னவோ அவள்தான். தந்தை என்றைக்கோ கடவுச்சொல்லை அவளிடம் கொடுத்து, எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள் என்று கைகழுவியிருந்தார். இயேசுவின் வழக்கில் கைகழுவிய பிலாத்து தோற்றான்.

அந்த வரியைப் படித்த சனங்கள் கருத்தைச் சொல்லவில்லை. பாவத்தைச் சொன்னார்கள்.

மாமியாரின் மூக்குக் கண்ணாடியை ஒளித்து வைத்த மருமகள். காணிக்கைத் தட்டு நெருங்கும்போதெல்லாம் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறவர். தன் பாவத்தை ஒரு வரியிலும் கணவரின் பாவத்தை இரண்டு பக்கத்திலும் எழுதிய ஒருத்தி.

எதையும் வெளியிடவில்லை. அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. ஆனால் படித்தாள். படித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? எல்லோருக்கும் மின்னஞ்சலில் பதில் போட்டாள். பதிலோடு பதிலாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் என்று பரிகாரமும் கொடுத்தாள். பிறகு 'நீக்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது உண்மையிலேயே ஒரு பாவம் நீங்கிய நிம்மதி வந்தது.

ஆக, குருப்பட்டம் வாங்காமலே குருவாகிவிட்டாள். அதுதான் இன்றைய பாவம்.

இதைத் தந்தையின் அலுவலகத்தில் போய்ச் சொன்னால் வலைப்பூ கையை விட்டுப் போய்விடும். இங்கே சொன்னால், கேட்டதை வைத்து வெளியே அவர் ஒன்றும் செய்ய முடியாது. பாவசங்கீர்த்தன இரகசியம் அப்படி. கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள்.

பரிகாரமாகப் பெட்டியை மூடச் சொல்லிவிட்டால்? அந்தப் பயம் மட்டும் இருந்தது. அந்த சனங்கள் பிறகு யாரிடம் போவார்கள்?

வழக்கமாக எதைச் சொன்னாலும் தந்தை 'ம்' என்பதோடு சரி. இன்றைக்கு என்னவோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மாமியாருக்குக் கண்ணாடி திரும்பக் கிடைத்துவிட்டதா என்றுகூட விசாரித்தார்.

கடைசியாக, அவள் மனதை அறுத்துக்கொண்டிருந்த ஒன்றைச் சொன்னாள். 'களைத்தவன்' என்ற பெயரில் வந்தது. ஊர்க் கவலையைக் கேட்பதுதான் அந்த மனிதருக்கு வேலையாம். கேட்கக் கேட்கவே தூங்கிவிடுகிறாராம். பேசுகிறவர் அழுதுகொண்டிருந்தாலும் கண் சொருகிவிடுகிறதாம்.

தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருப்பவர் என்று அவளே முடிவு கட்டினாள். மனம் இரங்கி, 'பாவம்!' என்று ஒற்றைச் சொல்லைப் பதிலாக அனுப்பினாள்.

உடனே அவரிடமிருந்து பதில் வந்தது: 'பாவம்தான் என்று தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.'

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. நான் சொன்னது அந்தப் பாவம் இல்லை, ஐயோ பாவம் என்கிற பாவம் என்று விளக்கி மறுபடி எழுத வேண்டியிருந்தது.

தந்தை தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவருக்கு என்னம்மா பரிகாரம் குடுத்தே?"

"அவருக்கு மட்டும் ஒண்ணும் குடுக்கலை ஃபாதர். ஓய்வே இல்லாம உழைக்கிற மனுஷன்னு தோணுச்சு. வாயில ஒரு கிராம்பை அடக்கிக்கோங்க, கண்ணு சொருகுறப்ப கடிங்கன்னு மட்டும் எழுதினேன்."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் 'கடக்' என்றது.

கிராம்பு வாசனை மறுபடி வலைப்பூ அக்காவின் மூக்கில் ஏறியது.

மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார் தந்தை. மன்னிப்பு வழங்கி, சிலுவை அடையாளமும் போட்டார். அவள் எழுந்திருக்கும்போது குரல் மறுபடி வந்தது. கொஞ்சம் கம்மியிருந்தது.

"மேல இருக்கிற வரிய மட்டும் மாத்திடும்மா, நான் பாக்கிறதா இருக்க வேணாம். பெட்டிய மூடிராத."

கடைசி வரிசையில் முழங்காலிட்டு மூன்றையும் சொன்னாள். நான்காவதாக ஒன்று, புகார்ப் பிரிவில் இருக்கும் அந்த மனிதருக்காக.

மறுநாள் வேலைக்குப் போனதும், செவ்வாய்க்கிழமை காலை இடத்தை நிஜமான பல்வலிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள்.