பெயர் சொல்லாத செய்தி

பல் தேய்த்தாலே ரத்தத்தைச் சோதித்துவிடும் பிரஷ் வந்த பிறகு, எச்.ஐ.வி.யோடு வாழும் தணிகைக்கும் சூசைக்கும் ஆஸ்பத்திரி வாசலே மறந்துபோயிருந்தது. தினமும் பிரஷ்ஷில் பச்சை விளக்குதான். இன்று சூசை குளியலறையை விட்டு வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

தோசை வார்த்துக்கொண்டிருந்த தணிகையின் போனில் பிரஷ் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது: 'உங்களோடு உறவு கொண்ட ஒருவருக்குச் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் இருக்கிறது. பெயர் ரகசியம்.'

தணிகை சூசையைத் தவிர யாரோடும் உறவு கொண்டதில்லை.

சூசை தலையைக் குனிந்தபடி வந்து உட்கார்ந்தான். தணிகை அவன் தட்டில் தோசையைப் போட்டான்.

"பேரச் சொல்ல மாட்டாங்களாம், பாத்துக்க. சாப்பிடுலே. ரெண்டு பேருமா போய் ஊசி போட்டுட்டு வருவோம்."

சூசை தோசையைத் தொடவில்லை.

"அந்த இன்னொருத்தனுக்கும் இந்நேரம் செய்தி போயிருக்கும்லா?" என்றான் தணிகை. "ஆஸ்பத்திரிக்குப் போக அவனுக்குத் துணைக்கு ஆள் உண்டா?"