சாவிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே

அவர் சாவியைத் திருப்பினார். வண்டியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஹாரன் அடித்தது. பேட்டரி புதிது, ஸ்டார்ட்டர் மோட்டார் புதிது. மூன்று மெக்கானிக்குகள் கைவிரித்த பிறகு, வேறு வழியில்லாமல் எங்கள் ஷெட்டுக்கு வந்திருக்கிறார்.

பதினோரு வருஷம் கழித்து.

கார் அதேதான். அன்று எங்கள் பதிவுத் திருமணம். கல்குவாரிக் குடியிருப்பிலிருந்து இதில் அவர் வந்து இறங்குவார் என்று பதிவு அலுவலக வாசலில் புதுப்புடவையோடு நின்றேன். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த அண்ணனும் கூடவே நின்றான்.

மதியம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையாம்.

சாயங்காலம் அண்ணன்தான் குவாரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஒரு கோளாறும் இல்ல. நான் சாவியத் திருப்பினதும் கிளம்பிடுச்சு. சாக்கு சொல்றதுக்கு வேற ஆளே கிடைக்கலையா அவருக்கு?"

மறுநாள் ஓடி வந்தவரை வாசலோடு அனுப்பினேன். கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பினேன்.

இன்று என் முறை. ஒரே ஒரு ஒயரைத் தளர்த்தி வைத்தால் போதும். ஆள் நடமாட்டமில்லாத மேட்டில் இந்த வண்டி நின்றுவிடும். நிற்கட்டும். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும்.

ஆனால் எதைத் தளர்த்துவது என்று தெரிய, முதலில் கோளாறு தெரிய வேண்டும்.

சாவியின் பின்னால் டெஸ்ட் லேம்பை வைத்தேன். எரிந்தது. ஸ்டார்ட்டருக்கு வரும் மெல்லிய ஒயரில் வைத்தேன். எரியவில்லை. இடையில் எங்கோ கரண்ட் செத்துப்போகிறது.

ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, அந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். டாஷ்போர்டின் பின்னால், யார் கண்ணும் போகாத மூலையில், கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச்.

இந்தக் காரில் அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. யாரோ ஒயரை வெட்டி நடுவில் வைத்திருக்கிறார்கள். அணைத்தால் வண்டி பிணம். போட்டால் ஒரு கோளாறும் இல்லை. இப்போது உள்ளே துருவேறி, தானாகவே அணைந்திருக்கிறது.

இணைப்பின் மேல் டேப். டேப்பின் மேல் மூன்று சுற்று நூல். எங்கள் ஷெட்டைத் தவிர யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

முடிச்சு இடப்பக்கம் விழுந்திருந்தது. நான் வலக்கைக்காரி. அண்ணனுக்கு இடக்கை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் இந்தக் காரை ஷெட்டுக்கு எடுத்து வந்து சர்வீஸ் செய்து, திரும்பக் குவாரியில் கொண்டுபோய் நிறுத்தியது அண்ணன்தான். ஷெட்டில் ஒயரிங் வேலை முக்கால்வாசி என் கையில். நான் போய்விட்டால் ஷெட் படுத்துவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வான். நானும் சிரிப்பேன்.

சுவிட்சைக் கழற்றினேன். ஒயரை நேராக இணைத்தேன். அவர் சாவியைத் திருப்ப, முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அன்னிக்கும் இதே மாதிரிதான்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"தெரியும். போயிடாதீங்க, உட்காருங்க" என்றேன்.

வாசலில் அண்ணன் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயதில், நாளைக் காலை பத்து மணிக்கு அவனுக்குப் பதிவுத் திருமணம். வாயில் சீட்டி.

சுவிட்சின் துருவை உப்புத்தாளால் சுரண்டினேன். போட்டுப் பார்த்தேன். அணைத்துப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்தது.

"அண்ணா, உன் வண்டிய உள்ள கொண்டு வா" என்றேன். "கல்யாணத்துக்குப் போற வண்டி. ஒரு தடவ பாத்துக் கொடுத்துடறேன்."