நூறு வரை

நாற்பத்திரண்டு நாள் மனநல வார்டில் இருந்துவிட்டு வீடு திரும்பிய அமுதினி, குளியலறைக் கதவின் உட்புறம் நான்கு திருகாணித் துளைகளைப் பார்த்தாள். அப்பா தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்.

வார்டிலும் தாழ்ப்பாள் கிடையாது. குளிக்கிற பிள்ளை சத்தமாக எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால், வெளியே ஸ்டூலில் இருக்கும் நர்ஸ் கதவைத் திறந்துவிடுவார். பதினாறு வயதில், உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நின்று ஒன்று இரண்டு சொல்லியிருக்கிறாள் அமுதினி. கடைசி வாரம்தான் டாக்டர் அவளை எண்ணாமல் குளிக்க விட்டார்.

"எண்ணுடி" என்றாள் அம்மா ரமணி, கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

"அங்கேயே வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா."

"அங்க பத்து நர்ஸ் இருந்தாங்க. இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்."

அமுதினி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "அப்ப நீ எண்ணு. நூறு சொன்னதும் வந்துடறேன். அதுவரைக்கும் கதவைத் தொடக் கூடாது."

கதவு சாத்தப்பட்டது. ரமணி சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். முப்பதில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அறுபதில் அது நின்றுவிட்டது. எழுபதில் நாற்காலியை விட்டு எழுந்தாள். தொண்ணூறில் அவள் உள்ளங்கை கதவுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. தொண்ணூற்றொன்பது சொன்னாள். அடுத்த எண் வாயில் வரவில்லை. சொன்ன பிறகும் கதவு திறக்காமல் போனால்?

உள்ளேயிருந்து அமுதினியின் குரல் கேட்டது.

"சொல்லும்மா. நான் வெளிய வரணும்ல."