முகச்சவரம்

பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர் ஜெயபாலனுக்கு யோகேஸ்வரி பதமாகச் சவரம் செய்துவிட்டாள்.

“மா, தெரப்பிக்காரங்க கூப்பிட்டாங்க. இன்னைக்குக் காசு கட்டலன்னா இனிமே வரமாட்டாங்களாம்,” என்றாள் மகள் லோஷினி.

“கட்டிறலாம். அப்பா காசுதான் பேங்க்ல கெடக்குதே. அந்தச் சீப்ப எடு.”

தலையை வாரி, மூக்குக்கண்ணாடியையும் மாட்டிவிட்டாள். “ஏங்க, இங்க பாருங்க. மாப்பிள்ளையாட்டம் இருக்கீங்க.”

அவர் பார்வை சுவரிலேயே நின்றது.

“அப்பாவுக்கு உங்களயே அடையாளம் தெரியல. எதுக்குமா இந்த அலங்காரம்?”

“அவருக்கு என்னைத் தெரிய வேணாம்லா. இந்த ஃபோனுக்கு அவரைத் தெரிஞ்சா போதும்.”

பேங்க் கணக்கு அவர் பெயரில் மட்டும்தான்; ஃபோனில் அவர் முகத்தைக் காட்டினால்தான் திறக்கும். அவள் பெயரையும் சேர்க்கச் சொன்னால், தனக்கு முடியாமல் போனால் அவளே பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீலிடம் எழுதிவைக்கச் சொன்னால், “நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்பார்.

லோஷினி அவர் முகத்துக்கு நேராக ஃபோனைப் பிடித்தாள். முகம் பொருந்தவில்லை என்றது.

“வாய் ஒரு பக்கமா இழுத்துருச்சுல்ல, அதான். இன்னும் ஒரு தடவைதான் முகத்தைக் காட்ட விடும், மா,” என்றாள் லோஷினி.

தொங்கிய உதட்டோரத்தை யோகேஸ்வரி விரலால் தூக்கிப் பிடித்தாள். “இப்பக் காட்டு.”

ஃபோன் பூட்டிக்கொண்டது.

அவள் விரலை எடுக்கவில்லை. அப்படிப் பிடித்திருக்கும்வரை அவர் சிரிப்பது போலவே இருந்தது.