பால்மாவு போன வழி

வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வாட்சர் கருத்தப்பாண்டிக்குத் தெரியாமல் ஒரு பொருள் கேட்டைத் தாண்டுவது நடக்காத காரியம். அவருக்குக் காது இரண்டும் முறம் போல விரிந்து நிற்கும். கீழே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் முணுமுணுத்தால் மேலே கேட்டில் அவருக்குக் கேட்டுவிடும் என்று பெண்கள் கேலி செய்வார்கள். இத்தனை வருடத்தில் அவர் காவலுக்குத் தப்பி வெளியே போனது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மகள் மாரித்தாய். பக்கத்துத் தோட்டத்து லாரி டிரைவரைக் கட்டிக்கொள்ள இதே கேட் வழியாகத்தான் போனாள். அன்றிலிருந்து அவர் அவள் பேச்சையே எடுப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவர் காவலில் இப்போது திருட்டு!

களவு போனது பிள்ளைக் கொட்டகைப் பால்மாவு. பெண்கள் கொழுந்து எடுக்கப் போகும் நேரத்தில் அவர்களுடைய கைக்குழந்தைகளைத் தோட்டத்துச் செலவில் பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. ஆயா குருவம்மாள் தொட்டில் ஆட்டுவாள், பால்மாவு கம்பெனி கொடுக்கும். பிள்ளைகளின் கணக்குக்குச் சரியாக அளந்து கொடுத்த டப்பா, வாரம் முடியும் முன்பே காலியாகிக்கொண்டிருந்தது.

"எமர்ஜென்சி நேரம். பெரிய துரைக்குத் தெரிஞ்சா என் தலை போயிரும்," என்றார் சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர். "சனிக்கிழமைக்குள்ள திருடனைப் பிடி. இல்லேன்னா காக்கிச் சட்டையைக் கழட்டி வச்சிட்டு தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போ!"

காக்கிச் சட்டை போடாத தன்னைக் கருத்தப்பாண்டியால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே வேட்டையை ஆரம்பித்தார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கிய பெண்களை ஒவ்வொருவராக நிறுத்தினார். தூக்குவாளிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். விறகுக் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னார். மூக்கம்மாளின் கொண்டை ஒரு சுற்றுப் பெருத்திருப்பதாகப் பட்டது. ஆயாவை விட்டு அவிழ்த்துப் பார்த்தால், உள்ளேயிருந்து சவுரிமுடிதான் விழுந்தது. ஊரே சிரித்தது. மூக்கம்மாள் லயம் போய்ச் சேரும்வரை அவருடைய பரம்பரையையே திட்டித் தீர்த்தாள்.

கடைசியில் சந்தேகம் முத்துப்பேச்சி மேல் விழுந்தது. தலைப் பிரசவத்துக்குச் சங்கரன்கோவில் பக்கம் தாய்வீட்டுக்குப் போனவள், இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளோடு கேட்டுக்கு வந்து, இரட்டை என்று சொல்லியிருந்தாள். ஒன்றின் தலையில் ஒன்றும் கிடையாது. இன்னொன்றின் தலையிலோ வெயிலானாலும் மழையானாலும் ஒரு கம்பளிக் குல்லாய். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் அப்படி என்ன குளிர்?

"குல்லாயை அவுத்துக் காட்டு, புள்ள."

"ஐயோ மாமா, பிள்ளைக்குச் சளி கட்டியிருக்கு!" என்று தினமும் நழுவிவிடுவாள்.

சளி பிடித்த பிள்ளை என்னடாவென்றால், தினமும் அவர் மீசையைப் பிடித்து இழுத்துக் கெக்கெக்கே என்று சிரித்தது. ஒருநாள் காக்கிச் சட்டையை நனைத்தும் விட்டது. கருத்தப்பாண்டிக்குக் கோபமே வரவில்லை. திருடிக்குப் பிறந்தாலும் இது தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அதற்காகவே சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்திருந்தார்.

சனிக்கிழமையும் வந்தது. சின்னத்துரையின் ஜீப் சற்றுத் தள்ளி நின்றது. முத்துப்பேச்சி பிள்ளைகளோடு வந்தாள்.

"இன்னைக்கு விடுறதா இல்ல. கொண்டா அவனை."

"உங்களைக் கும்பிடுறேன் மாமா, குல்லாயை மட்டும் தொடாதீக!"

அவ்வளவுதான், திருட்டு தானாகவே வாயைத் திறந்துவிட்டது. கருத்தப்பாண்டி பிள்ளையை வாங்கினார். ஜீப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நாடாவை அவிழ்த்துக் குல்லாயை உருவினார்.

உள்ளே பால்மாவு ஒரு சிட்டிகைகூட இல்லை. அதுவரை அடைபட்டுக் கிடந்த இரண்டு காதுகள் படக்கென்று விரிந்து நின்றன. காற்றுப் பட்ட சந்தோஷத்தில் பிள்ளை அவர் முகத்துக்கு நேராக ஒரு பெரிய ஏப்பம் விட்டது. ஏப்பம் முழுக்கப் பால்மாவு வாசனை.

பால்மாவு எந்த வழியாகக் கேட்டைத் தாண்டிப் போகிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"இரட்டைன்னு உங்ககிட்டதான் சொன்னேன் மாமா. ஆபீசுல ஒரு பிள்ளைதான் பதிஞ்சிருக்கு," என்றாள் முத்துப்பேச்சி, ஜீப்புக்குக் கேட்காத குரலில். "இவன் ஆத்தா வேலை பாக்குற தோட்டத்துல பிள்ளைக் கொட்டகை கிடையாது. கூலியில பாதி, பிள்ளை பாக்குறவளுக்கே போயிருது. வேலைய விட்டுறப்போறேன்னு அழுதா, எனக்கு மனசு கேக்கல. ஆயாவுக்கும் தெரியும். காலையில ஆத்தங்கரையில வாங்கிட்டு வந்து, சாயங்காலம் அங்கயே கொடுத்துருவேன்."

"என்ன பாண்டி, மாட்டிச்சா?" ஜீப்பிலிருந்து குரல் வந்தது.

கருத்தப்பாண்டியின் கை தன்னையறியாமல் தன் காதைத் தடவியது.

"ஒண்ணுமில்லீங்க தொரை, நெசமாவே சளிதான்!" என்று உரக்கச் சொன்னவர், திங்கட்கிழமை கவ்வாத்து வெட்டப் போகவேண்டுமே என்ற கவலை துளியும் இல்லாமல், தன் பேரனின் காது வெளியே தெரியாதபடி குல்லாயை இழுத்துக் கட்டினார்.